பதினாலாவது பை

பதிமூன்று. தையல்நாயகி இன்னொரு தடவை எண்ணினாள். பால்வாடியின் சிமெண்டுத் தரையில் ஏழு கோரைப்பாய்கள், பாய்க்கு இரண்டு பிள்ளைகள். ஜன்னல் பக்கமிருந்து தொடங்கினால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஒழுங்காக வந்த எண், கதவோரம் கிடந்த கடைசிப் பாயில் தடுக்கிப் பதிமூன்றில் நின்றது. கதவுப் பக்கமிருந்து தொடங்கினாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அதுவும் போய்ப் பதிமூன்றில்தான் முடிந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் எண்ணிக்கை மாறாது. கூழாங்கற்களை வரிசையாக வைத்து, வட்டமாக வைத்து, குவித்து வைத்து, மூன்று வருஷமாக இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டி வருபவள் அவள்தான். இன்றைக்கு ஒரு நாள் மாறக்கூடாதா என்றிருந்தது. மடியில் அவள் தைத்த துணிப் புத்தகம் விரிந்து கிடந்தது. சிவப்புத் துணியில் தாய்க்கோழி, இறக்கைக்கு ஏழாகப் பதினாலு பைகள், ஒவ்வொரு பையிலும் ஒரு மஞ்சள் துணிக் குஞ்சு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பதினாலும் நிறைந்திருந்தன. கடைசிப் பையில் இருந்த குஞ்சின் கழுத்தில் பச்சை நூல். அது வேம்புவின் குஞ்சு. வேம்புவுக்கு நாலு வயது. அந்தக் குஞ்சின் பித்தான் கண்ணைக் கடித்துக்கொண்டே இருப்பாள், கண் எப்போதும் தொங்கும். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அதைத் தைத்துவிடலாம் என்று ஊசி கோத்தவள், இந்தக் குட்டியைப் பார், தூக்கத்திலும் விரலைக் கடிக்கிறாளா என்று சிரிப்போடு திரும்பியபோதுதான் கதவோரப் பாயைப் பார்த்தாள். அதில் பொற்கொடி மட்டும் ஒருக்களித்து, பாயின் விளிம்பிலேயே, இன்னொருத்திக்கு இடம் விட்டுப் படுத்திருந்தாள். விட்ட இடம் அப்படியே இருந்தது.

முதலில் பயம் வரவில்லை. பிறகு நெடுநாள் வரைக்கும் அவளுக்கு விளங்காமல் இருந்தது அதுதான். கை தன் பாட்டுக்கு இரண்டு தையல் போட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தது. பித்தானை இழுத்துப் பார்த்து, இனிமேல் பிய்யாது என்று திருப்திகூடப் பட்டது. அதற்கப்புறம்தான் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி, அடி தட்டாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒதுங்கப் போயிருப்பாள், என்று வாய்விட்டுச் சொன்னாள். எழுந்து கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தாள். வேலியோரம் யாருமில்லை, வாளியில் முகந்து வைத்த தண்ணீர் அலுங்காமல் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு முழ இடம் கூட இல்லாத அலமாரிக்குப் பின்னால் எதற்குப் பார்க்கிறோம் என்று தெரிந்தே பார்த்தாள். அடுக்களைச் சார்ப்பில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, கீரை மசித்த சட்டி கவிழ்த்திருந்தது, மூலையில் ஒரு தட்டு. தட்டின் மேல் இன்னொரு தட்டுப் போட்டு மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஆயா அஞ்சம்மாள் மத்தியானம் சோறு போட்டுவிட்டு வந்து சொன்னாளே, பதினாலு தட்டு வச்சேன், ஒரு தட்டு அப்படியே இருக்கு, எந்தப் புள்ளையோ திங்காமப் படுத்துருச்சு டீச்சர், என்று. இவள் ஆஜர் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் அதிகாரி அம்மா வருகிறார்கள். தலை நிமிராமல், எழுந்தா சாப்பிடட்டும் மூடி வையி, என்றாள். மூடி வையி. தட்டு சொன்னது. தட்டு வாய்விட்டுச் சொன்னது. இவள்தான் மூடி வைக்கச் சொன்னாள். ஒரு தட்டுக்கு ஒரு பிள்ளை, ஒரு பிள்ளைக்கு ஒரு தட்டு, மிச்சப்பட்டால் என்ன அர்த்தம் என்று தினம் தினம் கேட்கிறவள், மிச்சப்பட்ட தட்டைத் தட்டால் மூடச் சொல்லியிருக்கிறாள். ஏனென்றால் பைகள் நிறைந்திருந்தன. பை பொய் சொல்லாது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது. மாதர் சங்கத்தார் கொடுத்த கடிகாரம், ஏழு நிமிஷம் பின்தங்கித்தான் ஓடும், ஏழைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருபதும் ஏழும் என்று தொடங்கியவளுக்கு விடை வரவில்லை. இருபதும் ஏழும். சின்ன வயதில் ஏழாம் வாய்ப்பாட்டில் இதே மாதிரி நிற்பாள், ஏழெட்டு என்ற இடத்தில், வாத்தியாரின் விரல் நகம் காதுமடலுக்கு வருகிற வரைக்கும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது காதில் வலிக்கிற ஓர் இடமாகத்தான் இன்றும் அவளுக்குள் இருக்கிறது. அதனால்தான், எண் என்றால் பிள்ளைகளுக்கு வலிக்கக் கூடாது என்பதற்காகத்தான், தஞ்சாவூர்ப் பயிற்சியில் சொன்னதையெல்லாம் நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்தாள். நூறு வரைக்கும் பாட்டாகச் சொல்கிற குழந்தையிடம் அஞ்சு கல் கொடு என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். பேர் தெரிவது எண் தெரிவதாகாது. முதலில் ஜோடி சேர்க்கத் தெரிய வேண்டும், இதற்கு இது, அதற்கு அது, மிச்சம் உண்டா இல்லையா. எண் அப்புறம் தானே வரும். அது அவளுக்குப் பிடித்துப் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் வளர்ந்த வீட்டிலும் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் எத்தனை பிள்ளைங்க என்று கேட்டதற்கு, அம்மா பதில் சொல்லாமல் எல்லோரையும் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி, நீங்களே பாத்துக்குங்க என்று உள்ளே போய்விட்டாள். அவரும் பாவம், விரலை நீட்டாமல் கண்ணாலேயே எண்ணி எழுதிக்கொண்டு போனார். இங்கே வேலைக்கு வந்த முதல் நாள் பிள்ளைகளின் தலையைத் தொட்டு ஒண்ணு ரெண்டு என்று ஆரம்பித்தபோது அஞ்சம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். தலையை எண்ணாதீங்க டீச்சர், கண்ணு பட்டுரும், பெத்தவளுவ கேட்டா புள்ளைய அனுப்ப மாட்டாளுவ. அம்மை ஊசி போட வந்தவங்க தெருவிலே நிக்கவச்சு எண்ணிட்டுப் போனாங்க, அந்த மாசமே என் மூத்தது போயிருச்சு. இதைச் சொல்லும்போது அஞ்சம்மாள் அழவில்லை, அடுப்பில் உலை கொதிக்கிறது என்பது போலச் சொன்னாள்.

அப்படித்தான் கோழிப் புத்தகம் வந்தது. தையற்காரரிடம் வெட்டுத் துண்டுகள் வாங்கி, பழைய வேட்டியை மஞ்சளில் முக்கிக் காயவைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தைத்தாள். முதல் பக்கம் கோழி தனியாக. இரண்டாம் பக்கம் முட்டைகள். மூன்றாம் பக்கம் குஞ்சுகள் மேயப் போகின்றன. வெளியே எங்காவது பிள்ளைகளை அழைத்துப் போனால் ஆளுக்கு ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் பக்கம் பருந்து. கறுப்புத் துணியில் இறக்கை விரித்த பருந்து வந்ததும் பிள்ளைகள் வீல் என்று கத்திக்கொண்டு ஐந்தாம் பக்கத்துக்கு ஓடி வந்து, அவரவர் குஞ்சை அவரவர் பையில் வைக்க வேண்டும். வந்தாச்சா வந்தாச்சா எல்லாக் குஞ்சும் வந்தாச்சா என்று அவள் பாடுவாள். வந்தாச்சு வந்தாச்சு என்று அதுகள் கத்தும். ஒரு பை காலியாக இருந்தால், ஐயோ ஒரு குஞ்சு வெளியே கிடந்து அழுகிறதே என்று இவள் முகத்தைச் சுளிப்பாள், உடனே யாருடையது யாருடையது என்று தேடுவார்கள். தலையை எண்ணாமலே எண்ணியாயிற்று. அஞ்சம்மாளுக்கும் நிம்மதி, பெற்றவர்களுக்கும் நிம்மதி. போன வருஷம் வந்த அதிகாரி அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை எல்லாப் பால்வாடிக்கும் காட்டணும் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. தான் செய்த ஒன்று சரியாக இருக்கிறது என்ற நினைப்பு அவள் வாழ்க்கையில் அதுவரை வந்ததே கிடையாது. அதனால் வந்த வினைதானோ இது. சரியாக இருக்கிறது என்று நினைத்ததனால்தான் பையைப் பார்த்தாளே தவிரப் பிள்ளைகளைப் பார்க்கவில்லையோ. பார்த்தாளா. வேம்புவைக் கடைசியாக எங்கே பார்த்தாள். காலையில் வாய்க்கால் கரையில் பார்த்தாள். மதகில் பார்த்தாள். அறுத்த வயலில் வாத்து மேய்ந்தது, வாத்துக்காரர் சன்னாசி கோல் நுனியில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். வாத்தை எப்படிண்ணே எண்ணுவீங்க என்று பிள்ளைகளுக்காகக் கேட்டாள். முழுசா எண்ணினா தலை சுத்தும்மா, ஜோடி ஜோடியாத்தான் பட்டிக்குள்ள விடுவேன் என்றார். தனியாக ஒதுங்கி மேய்ந்த வாத்துகளைக் காட்டி, பிள்ளைகளா ஜோடி சேருங்க பார்ப்போம் என்றாள். இதுக்கு இது, இதுக்கு இது, என்று கத்தினார்கள். ஒரு வாத்து மிச்சப்பட்டது. ஐயோ பாவம், இது ஒத்தையா நிக்குதே, இதுக்கு யாரு துணை, என்று இவள்தான் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வேம்பு சிரிக்கவில்லை. ஆமாம், வேம்பு சிரிக்கவில்லை, அந்த முகம் இப்போது தெரிகிறது, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு அந்த வாத்தையே பார்த்தது தெரிகிறது. அதற்கப்புறம் தெரியவில்லை. அதற்கப்புறம் வெயில் ஏறிவிட்டது, சோற்றுக்கு நேரமாயிற்று, இவள் முன்னால் நடந்தாள். முன்னால். பின்னால் நடந்திருக்க வேண்டும்.

பொற்கொடியின் தோளைத் தொட்டாள். பிள்ளை கண்ணைத் திறக்காமலே முனகியது. "வேம்பு எங்கடி" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக வந்தது, அதுவே அவளைத் திடுக்கிட வைத்தது. "அங்க" என்றது பொற்கொடி. "அங்கன்னா எங்க." "வாத்துக்கிட்ட." தையல்நாயகி புத்தகத்தைக் காட்டினாள், பச்சை நூல் கட்டிய குஞ்சைக் காட்டினாள், இது எப்படி வந்தது என்று கேட்டாள். பொற்கொடி இப்போது கண்ணைத் திறந்து, இதைக்கூடத் தெரியாதா என்பது மாதிரிப் பார்த்தது. "எங்கிட்ட குடுத்துச்சு, நான்தான் வச்சேன். வெளிய கெடந்தா அழுவும்ல." சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப் போனது. தூங்குமுன் பாயில் விட்டிருந்த இடத்தை ஒரு தரம் கையால் தடவிப் பார்த்துக்கொண்டது. தையல்நாயகிக்கு அந்தப் பிள்ளையை அடிக்க வேண்டும் போலவும் அதன் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அது ஒரு தப்பும் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறது. குஞ்சு வீட்டுக்கு வரணும், வெளியே கிடந்து அழக்கூடாது. குஞ்சு வந்துவிட்டது. இவள் சொல்லிக்கொடுக்காதது ஒன்றே ஒன்றுதான், குஞ்சு வேறு பிள்ளை வேறு என்பது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தனக்கே அது மறந்துவிட்டது என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

போக வேண்டும். எப்படிப் போவது. அஞ்சம்மாள் படுக்கையாய்க் கிடக்கும் புருஷனுக்குச் சோறு ஊட்டத் தினமும் போவதைப்போலப் போயிருக்கிறாள், இரண்டு மணிக்குத்தான் வருவாள். தெருவில் ஈ காக்கை இல்லை, குறுவை அறுப்பு, நடக்க முடிந்தவர்கள் எல்லாம் கீழ்ப்பாதி வயலில் நிற்கிறார்கள், வேம்புவின் அம்மா காசியம்மாளும் அங்கேதான் குனிந்து அறுத்துக்கொண்டிருப்பாள், முதுகில் வெயில் அடிக்க, பிள்ளை பால்வாடியில் நிழலில் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு. இங்கே பதிமூன்று. அங்கே ஒன்று. பதிமூன்றை எழுப்பி இழுத்துக்கொண்டு போனால் வாய்க்கால் கரையில் தூக்கக் கலக்கத்தில் பதிமூன்றும் தடுமாறும். விட்டுவிட்டுப் போனால் எழுந்து வெளியே வரும், வெளியே வந்தால் இருபதடியில் வாய்க்கால். பெரியது எது சிறியது எது என்று படம் காட்டிக் கேட்பாள், மூன்று மாங்காயா ஐந்து மாங்காயா, அதுகள் ஐந்தைத் தொடும். பதிமூன்றா ஒன்றா. தொட முடியவில்லை. ஒன்றுதான் பெரிதாக இருந்தது, ஒன்று வாய்க்கால் அகலத்துக்கு இருந்தது. நிலைப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அவள் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரத்தைப் பார்த்தால் மறுபடியும் ஏழைக் கூட்ட வேண்டும் என்று பார்க்கவில்லை. ஒரு ஈ வந்து பொற்கொடியின் உதட்டில் உட்கார்ந்தது. அதை ஓட்ட வேண்டும் என்று நினைத்தாள். ஓட்டவில்லை. கதவை இழுத்துச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட சத்தம் முதுகெலும்பில் கேட்டது. பதிமூன்று பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டே ஓடினாள்.

ஓடும்போதுதான் அடுப்பு நினைவு வந்தது. அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அஞ்சம்மாள் கங்கின் மேல் சாம்பல் போட்டு அமுக்குவாள், இன்றைக்கு அமுக்கினாளா. சார்ப்பு தென்னங்கீற்று. கீற்றுக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி, ஆள் உயரம், இல்லை அதற்கும் குறைவு, காற்று மேற்கே இருந்து அடிக்கிறது, மேற்கே இருந்துதானே. திரும்பிப் பார்த்தாள். ஓட்டுக் கூரைக்கு மேலே வானம் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற வானத்தை நம்ப முடியாமல் நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், திரும்பின நேரத்தில் வாய்க்காலைப் பார்க்காமல் விட்டோமே என்று வாய்க்காலைப் பார்த்தாள். பின்னால் நெருப்பு, பக்கத்தில் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே அவளுக்கு ஒரே ஒரு கழுத்துதான் இருந்தது. காலையில் இதே கரையில் பனைமரம் எண்ணினார்கள். பால்வாடியிலிருந்து மதகு வரைக்கும் ஒன்பது பனை. கால் ஓட ஓட வாய் எண்ணியது, வேண்டாம் என்றாலும் எண்ணியது, ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் கலங்கல், சுழித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் போனது. சத்தம் போட்டாலாவது தேவலை. நாலாவது பனைக்கு எதிரே ஆகாயத்தாமரைக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. வேம்பு மஞ்சள் பாவாடை. இன்று மஞ்சளா, இல்லை, நேற்றா மஞ்சள். அவள் நின்றாள். மஞ்சள் அசைந்து, பிரிந்து, நார் தெரிந்தது. யார் வீட்டுச் சாமிக்கோ போட்டுக் கழற்றி விட்ட செவ்வந்தி மாலை. மறுபடியும் ஓடினாள், ஆனால் அந்த நாலாவது பனையிலேயே அவளில் ஒரு பாதி நின்றுவிட்டது. காசியம்மாளிடம் என்ன சொல்வது என்று நின்ற பாதி யோசித்துக்கொண்டிருந்தது. பை நிறைந்திருந்தது காசியம்மா. நான் பார்த்தேன், பை நிறைந்துதான் இருந்தது. அஞ்சு, ஆறு, ஏழு. ஏழுக்கப்புறம் எண் வரவில்லை. ஏழுக்கப்புறம் என்ன. எட்டாவது பனையைத் தாண்டினாள், அதற்குப் பேர் இல்லாமலே தாண்டினாள்.

மதகுக்கு அந்தப் பக்கம் பெரிய மந்தை தொலைவில் அடுத்த வயலுக்குப் போயிருந்தது, சன்னாசி கோலும் தலைப்பாகையுமாகச் சின்னதாகத் தெரிந்தார். இந்தப் பக்கம், காலையில் நின்ற அதே வயலில், கணுக்கால் சேற்றில் வேம்பு நின்றாள். பாவாடை நீலம். அவளுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு வாத்து, ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றது. வேம்புவும் கொஞ்ச நேரம் ஒரு காலைத் தூக்கிப் பார்த்திருப்பாள் போல, ஒரு முட்டியில் மட்டும் சேறு அப்பியிருந்தது. தலைமுடி வெயிலில் காய்ந்து செம்பட்டையாக நின்றது. டீச்சரைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினாள். "டீச்சர், இதுக்குத் துணை வரவே இல்ல. நான் நிக்கிறேன்." தையல்நாயகி சேற்றில் இறங்கியதும் வாத்து கலைந்து ஓடியதும் அவள் கை உயர்ந்ததும் எல்லாம் ஒன்றாக நடந்தது. கன்னத்தில் விழுந்த அடியின் சத்தத்தில் அவளே விழித்துக்கொண்டாள். பால்வாடிக்கு வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையையும் தொட்டு அடித்ததில்லை. வேம்பு அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எதற்கு அடித்தாய் என்றும் கேட்காமல், ஓடிப்போன வாத்தையே பார்த்தாள். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டு, "என் குஞ்சு வந்துருச்சா டீச்சர்" என்றாள். தையல்நாயகி பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள். வந்துருச்சு, உன் குஞ்சு வந்துருச்சு, என்று சொன்னாள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வரப்பில் ஏறினாள்.

திரும்பும்போது பனைமரங்களைப் பார்க்கவில்லை, வானத்தை மட்டும் பார்த்தாள். வானத்தில் ஒன்றும் இல்லை. பால்வாடி வாசலில் அஞ்சம்மாள், வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்ததைத் திறந்துவிட்டு, கதவின் இரண்டு பக்கமும் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இரண்டு பிள்ளைகள் எழுந்து அழுதுகொண்டிருந்தன, மற்றவை தூங்கின. அடுப்பின் மேல் சாம்பல் மூடியிருந்தது. தினம்போல மூடித்தான் இருந்தது. இடுப்பில் சேறும் பிள்ளையுமாக வருகிறவளைப் பார்த்த அஞ்சம்மாளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடி வைத்த தட்டை எடுத்து வந்து, வேம்புவின் காலைக் கழுவி, உட்கார வைத்து ஊட்டினாள். ஊட்டி முடித்துத்தான் மெதுவாகச் சொன்னாள், வெளியே தெரிய வேணாம் டீச்சர், ஒண்ணும் ஆவல, வாயத் தொறந்தா வேலை போயிரும். தையல்நாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒண்ணும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவளுக்குள் நடந்துவிட்டிருந்தது. பிள்ளை தண்ணீரில் போய்விட்டது, கூரை எரிந்துவிட்டது, காசியம்மாளிடம் சொல்லியாகிவிட்டது, இவை எல்லாம் நடந்து முடிந்து, அதற்கப்புறம் யாரோ அழித்துவிட்டு மறுபடி எழுதின மாதிரி, பிள்ளை எதிரே உட்கார்ந்து கீரைச் சோறு தின்றுகொண்டிருந்தது. சிலேட்டில் அழித்தாலும் கீறல் தெரியும். மூன்று மணிக்குப் பிள்ளைகள் எழுந்து, டீச்சர் கோழிப் புத்தகம் என்றார்கள். அவள் அதை எடுத்து அலமாரியில் உயரத் தட்டில் வைத்துவிட்டு, இன்னைக்கு வேணாம் என்றாள்.

நாலரை மணிக்குக் காசியம்மாள் வந்தாள். இடுப்பில் அரிவாள், தலையில் வைக்கோல் தூசி, வாசலிலேயே நின்று பிள்ளையைக் கூப்பிட்டாள். இன்னும் ஆறு பிள்ளைகள் போகாமல் இருந்தார்கள். தையல்நாயகி எழுந்து போய்ச் சொன்னாள். அஞ்சம்மாள் பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்தாள், அதையும் மீறிச் சொன்னாள். பையைச் சொன்னாள், மூடி வைத்த தட்டைச் சொன்னாள், தாழ்ப்பாளைச் சொன்னாள், அடித்ததையும் சொன்னாள். காசியம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, வேம்புவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாய்க்காலுல தண்ணி எவ்ளோ போவுது" என்றாள். இடுப்பளவு இருக்கும் என்றாள் தையல்நாயகி. "யாரு இடுப்புக்கு" என்று கேட்டாள் காசியம்மாள். காசியம்மாள் திரும்பி நடந்தாள். படலைத் தாண்டினாள். அவ்வளவுதான், நாளைக்கு அனுப்ப மாட்டாள், நாளன்னைக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள், அதுவே நியாயம் என்று தையல்நாயகி நினைத்தாள். படலுக்கு அப்பால் நின்ற காசியம்மாள் திரும்பி வந்தாள். "கண்ணு படும்னு சொல்லி எண்ணாம விட்டீங்களா" என்றாள். ஆமாம் என்று தலையசைத்தாள். காசியம்மாள் அஞ்சம்மாளையும் ஒரு தரம் பார்த்தாள். "பட்டாப் படட்டும். நான் சுத்திப் போட்டுக்கறேன். நீங்க எண்ணுங்க." நாளையிலிருந்து எண்ணுகிறேன் என்றாள் தையல்நாயகி. "இப்ப எண்ணுங்க. நான் பாக்கணும்." அஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆறு பிள்ளைகளும் என்னவோ புது விளையாட்டு என்று ஓடி வந்து வரிசையாக நின்றார்கள். தையல்நாயகி விரலை நீட்டினாள். நீட்டிய விரல் வரிசைக்குப் போகவில்லை, காசியம்மாள் இடுப்பில் இருந்த தலைக்குப் போய், சேறு காய்ந்து மொடமொடத்த முடியைத் தொட்டது. தலை சூடாக இருந்தது. ஒண்ணு, என்றாள். விரலை எடுக்க முடியவில்லை. பிள்ளைகள் அடுத்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.